பேண்டேஜ் துணியில் சுற்றிய கூந்தல்

நாத்தனாருக்குக் கல்யாணம் நிச்சயமானதும் வீட்டில் எல்லாரும் சேலை, நகை, சமையல்காரர் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் என் தலைமுடியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு இடுப்புக்குக் கீழே இறங்கும் முடி. நீளம் இருக்கிறதே தவிர, ஒரு வளைவு நெளிவு கிடையாது. உச்சியிலிருந்து நுனி வரை நூல் பிடித்துக் கோடு போட்ட மாதிரி நேராக இறங்கும். பார்க்கிறவர்களுக்கு அது அழகு. வைத்திருக்கிறவளுக்குத்தான் தொல்லை தெரியும். ஹேர்பின் நிற்காது, கிளிப் வழுக்கும், பூ வைத்தால் செத்த நேரத்தில் இறங்கிவிடும். என் கல்யாண வரவேற்பன்று வைத்த மல்லிகைச் சரம் மேடையிலேயே வழுக்கி விழுந்தது. போட்டோக்காரர் அதை எடுத்து என் கணவர் கையில் கொடுக்க, அதை என்ன செய்வது என்று தெரியாமல் அவர் சட்டைப் பையில் சொருகிக்கொண்டார். எங்கள் ஆல்பத்தில் பாதிப் படங்களில் மாப்பிள்ளையின் பையிலிருந்து பூ எட்டிப் பார்க்கும்.

அதனால் நாத்தனார் கல்யாணத்துக்காவது அலை அலையான முடியோடு நிற்க வேண்டும், தலையில் வைத்தது வைத்த இடத்தில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நாத்தனாருக்கு நேர்மாறான ஆசை. அவளுக்குத் தோள் வரை சுருள் முடி. பிறவியிலேயே அப்படி. காலையில் சீப்பும் கையுமாக அவள் போடும் சண்டை தெருமுனை வரை கேட்கும்.

“மதினி, பேசாம உங்க முடிய எனக்குத் தந்துட்டு என் முடிய நீங்க எடுத்துக்கிடுங்க” என்பாள். “நான் கெமிக்கல் போட்டு நேராக்கப் போறேன். மாப்பிள்ள வீட்டுக்காரங்க முன்னால இந்தக் குருவிக்கூட்டத் தூக்கிக்கிட்டு நிக்க முடியாது.”

எங்கள் வீடு சோழபுரத்தில். கணவர் ராணுவத்தில் சிக்னல் பிரிவு. வடக்கே எங்கோ மலை மேல் வேலை. எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தாலும் அவருடன் சேர்ந்து இருந்ததெல்லாம் விடுமுறை நாட்களில் மட்டும்தான். போனில் நன்றாகப் பேசுவோம். நேரில் பார்த்தால் இருவருக்கும் வார்த்தை வராது. தங்கை கல்யாணத்துக்காக லீவு போட்டு வந்திருந்தவர், சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரி நடந்துகொண்டார். காலையில் எழுந்ததும் போர்வையை முனை மடங்காமல் மடித்து வைப்பார். காபி கொடுத்தால் “தேங்க்ஸ்” என்பார். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, அதைக் கேட்டால் எரிச்சல் வரும். “ஏலே, பொண்டாட்டிக்கு எதுக்குடா தேங்க்சு” என்பார்.

ஒரு சனிக்கிழமை நானும் நாத்தனாரும் ஸ்கூட்டியில் ராஜபாளையம் போனோம். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பார்லர். அதை நடத்தும் அக்கா என் பின்னலை அவிழ்த்துக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

“இம்புட்டு நீளத்துக்குச் சுருள் நிக்காதும்மா. கனத்துலயே இறங்கிரும். நிக்கணும்னா சூட்ட ஏத்தணும், இல்லன்னா மருந்து போடணும்.”

“பின்பக்கம் ஒரு கத்தை மட்டும் போட்டுக் காட்டுங்கக்கா. பார்த்துட்டு முடிவு பண்றேன்” என்றேன்.

அவர் சூடான கம்பியில் ஒரு கத்தையைச் சுற்றி எடுத்தார். அது வளையவே இல்லை. சூட்டை ஏற்றினார். அப்போதும் லேசாகத்தான் நெளிந்தது. இன்னும் ஏற்றி, இன்னும் கொஞ்சம் நேரம் பிடித்தார். மெல்லிய புகை எழுந்தது. கம்பியை எடுத்தபோது கத்தை பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் மாதிரி துள்ளியது. எனக்கு ஒரே சந்தோஷம். கண்ணாடி முன் தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன்.

பார்லர் அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை. “கல்யாணத்தன்னைக்கு ஒரு நாள்னா போட்டு விடுவேன். ஆனா முழுத் தலைக்கும் இந்தச் சூடு காட்டுனா நுனி நூலு நூலா பிரிஞ்சிரும். யோசிச்சுட்டு வாங்க” என்றார். அதே மூச்சில் நாத்தனாரிடம், நேராக்கும் மருந்திலும் முடிக்குப் பாதி உயிர் போகும், பொறவு புதிதாக முளைப்பது சுருளாகத்தான் வரும், மேலே ஒரு மாதிரி கீழே ஒரு மாதிரி நிற்கும் என்றும் சொல்லிவிட்டார்.

நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் ஸ்பிரிங் அவிழ்ந்துவிட்டது. காற்றில் வந்ததில் கத்தை பழையபடி நேராகத் தொங்கியது. ஆனால் தீய்ந்த வாசனை மட்டும் என்னோடு வீட்டுக்குள் வந்தது.

அத்தை மூக்கை உறிஞ்சியபடி அடுக்களைக்கு ஓடினார். “பாலு தீயுதா?” அடுப்பே பற்றவைக்கவில்லை. கொல்லையில் போய் யாராவது குப்பை எரிக்கிறார்களா என்று பார்த்தார். திரும்பி வந்து கூடத்தில் நின்றவர், மெதுவாக என் பக்கம் நகர்ந்து வந்தார். அந்தக் கத்தையை எடுத்து விரலில் உருவினார். நுனி முறுக்குப் போல ஒடிந்து அவர் உள்ளங்கையில் கிடந்தது.

நாத்தனார் நைசாக என் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

“இந்த முடியச் சொல்லித்தான தாயி ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரிஞ்சேன்” என்றார் அத்தை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் அழப்போகிற மாதிரி சொன்னார். அப்புறம் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து, தீய்ந்த நுனியை மட்டும், துணியில் பிசிறு வெட்டுகிற மாதிரி பதமாக நறுக்கிவிட்டார்.

நாத்தனார் ஒடிந்த முடியை எடுத்துப் பார்த்தாள். “மதினி, என் முடி எப்படி இருக்கோ அப்படியே இருந்துட்டுப் போகட்டும். எனக்கு நேராக்கவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்” என்றாள்.

என் ஆசை மட்டும் போகவில்லை. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதையெல்லாம் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கணவர் தொண்டையைச் செருமினார்.

“உனக்கு முடி வளையணும். அம்புட்டுதான?”

“ஆமா.”

“அதுக்குச் சூடு எதுக்கு? லேசான ஈரத்துல சுத்தி வச்சா, காயும்போது அந்த வளைவுலயே நிக்கும்ல. எங்க கேபிள் அப்படித்தான். ட்ரம்முல சுத்தி வச்சத அவுத்தா நேரா வரவே வராது. மல்லுக்கட்டணும்.”

“என் முடி என்ன கேபிளா?” என்று கேட்டுவிட்டேன். போனில் பேசுகிற மாதிரியே வந்துவிட்டது. அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அத்தை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அடுக்களைக்குப் போனார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. முதல் முயற்சியை அத்தையே கையில் எடுத்துக்கொண்டார். பிள்ளை ஆசைப்படுகிறாள், முடியும் கெடக்கூடாது, பின்னல் போட்டால் போதாதா என்பது அவர் வாதம். தலைக்குக் குளித்துவிட்டு வந்த என்னை உட்காரவைத்து, ஈரம் சொட்டச் சொட்ட இரட்டைப் பின்னல் போட்டு இழுத்துக் கட்டினார். ஈர முடி ரப்பர் மாதிரி இழுபட்டது. மண்டை விண் விண் என்று தெறித்தது. மொட்டை மாடி வெயிலில் மத்தியானம் வரை காய்ந்தேன். அவிழ்த்துப் பார்த்தால் பின்னலுக்கு உள்ளே முடி இன்னும் ஈரமாகவே இருந்தது. மேலே பழைய நேர்க்கோடு. கீழே மட்டும் தேங்காய் நார் மாதிரி ஒரு சிலும்பல். சீப்பில் கொத்துக் கொத்தாக வந்தது. அத்தை அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

“ஈரம் ஓவரு. இறுக்கமும் ஓவரு” என்றார் கணவர், ரிப்போர்ட் வாசிக்கிற குரலில்.

இரண்டாவது முயற்சி அவருடையது. சுற்றுவதற்கு என்ன துணி என்று யோசித்தோம். துண்டு கனம். துப்பட்டா வழுக்கியது. எனக்கு வேலை, ராஜபாளையம் பக்கத்தில் பேண்டேஜ் துணி நெய்து அனுப்பும் ஒரு கம்பெனியில், பேக்கிங் செக்‌ஷனில். விளிம்பு பிரிந்து ஒதுக்கிய ரோல்கள் அங்கே கிடக்கும். வேலைக்குப் போன அன்று கேட்டு வாங்கி வந்தேன். சுத்தப் பருத்தி, ஈரத்தை உறிஞ்சும், மெத்தென்று இருக்கும். நாலைந்தை ஒன்றாகச் சேர்த்து முறுக்கினால் கயிறு மாதிரி ஆகிவிட்டது.

அந்தக் கயிற்றைத் தலையில் ஹேர்பேண்டு மாதிரி குறுக்கே வைத்து, முடியை இரண்டாக வகிர்ந்து, ஒரு பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துச் சேர்த்துக் கயிற்றின் மேல் சுற்றிக்கொண்டே இறங்க வேண்டும். அடுத்த லீவு நாளில் நாத்தனார் இப்படிச் சுற்றிக் காட்டும் வீடியோ ஒன்றைப் போனில் ஓடவிட்டுப் பிடித்துக்கொண்டாள். என் கணவர் என் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தார்.

சுற்றி முடித்ததும் நாத்தனார் என் முகத்தைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். “அண்ணே, மதினிக்கு மூஞ்சியையும் சேத்துக் கட்டிட்டீகளே!” கண்ணாடியில் பார்த்தேன். புருவம் இரண்டும் நெற்றிக்கு ஏறி, எதையோ கண்டு மிரண்ட மாதிரி இருந்தேன். அவர் வெட்கத்தோடு எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு மறுபடி சுற்றினார். இந்த முறை ஒவ்வொரு சுற்றுக்கும் “வலிக்குதா?” என்று கேட்டார்.

“இல்ல.”

“இப்ப?”

“இல்லங்க.”

இப்படியே போய்க்கொண்டிருந்த கேள்வி, எங்கே என்று தெரியாமல் வேறு பேச்சாக மாறியது. அவர் என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. நானும் அவரைப் பார்க்க வேண்டியதில்லை. அவர் கண்ணும் கையும் முடியில் இருந்தன. மலை மேல் ராணுவப் போஸ்டில் குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் உறைந்துபோவது, ஐஸை உருக்கி டீ போடுவது, கேபிள் அறுந்தால் பனியில் தேடிப் போவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒரு தடவை வழி தெரியாமல் பனியில் நின்றபோது பயந்துபோனாராம். “யாருகிட்டயும் சொன்னதில்ல” என்றார். நான் அவர் பக்கம் திரும்பப் போனேன். “தலைய ஆட்டாத, சுத்து கலஞ்சிரும்” என்றார். அதனால் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினேன். அவர் அதில் ஒரு பேண்டேஜ் முனையைக் கொடுத்து, “இதப் பிடிச்சுக்கோ” என்றார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் நான் எதற்குக் கையை நீட்டினேன் என்று அவருக்குப் புரிந்தது.

நாத்தனார் போனைப் பார்ப்பது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அவிழ்த்தபோது முடி நன்றாகவே நெளிந்திருந்தது. ஆனால் விளக்கு வைப்பதற்குள் பாதி இறங்கிவிட்டது. நிற்பதற்கு ஏதாவது பிடிமானம் வேண்டும் என்று நாத்தனார் ஆளிவிதையைத் தண்ணீரில் கொதிக்கவைத்து வடிகட்டினாள். வழவழவென்று கூழ் மாதிரி வந்தது. ஆறவைத்து ஒரு டம்ளரில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தாள். மறுநாள் எடுக்கப் போனால் டம்ளர் பாதியாகக் குறைந்திருந்தது.

“அந்தக் கஞ்சியா? நான்தான் உப்பு போட்டுக் குடிச்சேன்” என்றார் அத்தை. “கொஞ்சம் மோரு ஊத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும்.”

அது தலைக்குத் தடவ என்று சொன்னதும் முதலில் அதிர்ந்தார். அப்புறம் யோசித்தார். “சேலை வெறைப்பா நிக்கக் கஞ்சி போடுற மாதிரிதான? அப்பச் சரிதான். கொஞ்சமாத் தொட்டுத் தடவு. நெறையப் போட்டா மொடமொடன்னு ஆயிரும்” என்றார். அவர் சொன்ன அளவே சரியாக இருந்தது. அந்த வாரம் மறுபடி சுற்றிப் பார்த்தோம். அவிழ்த்தபோது அத்தை எட்ட நின்று பார்த்துவிட்டு, “கம்மாத் தண்ணியில காத்து ஓடுன மாதிரில்லா இருக்கு” என்றார். மறுநாள் எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் முடி பழையபடி நேராகிவிட்டது. ஒடியவில்லை, பிரியவில்லை. அதைத்தான் அத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்.

கல்யாணம் ஸ்ரீவில்லிபுத்தூரில், மாப்பிள்ளை ஊரில். முந்தின நாள் சாயங்காலம் வரவேற்பு. நான் காலையிலேயே தலைக்குக் குளித்து, ஃபேன் காற்றில் முக்கால்வாசி காயவிட்டு, கஞ்சி தொட்டு, சுற்றிக்கொண்டு தயாராக இருந்தேன். கார் நிறையப் பெண்ணும், அத்தையும், சீர்த்தட்டுகளும். நானும் கணவரும் பைக்கில் வருவதாக ஏற்பாடு.

வாசலில்தான் தெரிந்தது, ஹெல்மெட் என் தலையில் இறங்காது என்று. இரண்டு பக்கமும் புடைத்துக்கொண்டு நின்ற சுருளுக்கு மேல் அது தொப்பி மாதிரி உட்கார்ந்தது.

“பக்கம்தான, மெதுவாப் போயிருவோம்” என்றேன்.

“ஹெல்மெட் இல்லாம வண்டிய எடுக்க மாட்டேன்” என்றார். அதில் அவர் அசையமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

பஸ்ஸில் போனோம். ராஜபாளையத்தில் மாறி ஏறிய பஸ்ஸில் கூட்டம். தலையைச் சுற்றித் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு கம்பியைப் பிடித்து நின்றேன். ஒரு பிரேக்கில் துப்பட்டா தோளுக்கு நழுவியது. தலை முழுக்க வெள்ளைப் பேண்டேஜ். சீட்டில் உட்கார்ந்திருந்த அம்மா பதறி எழுந்தார்.

“ஐயோ, என்ன தாயி ஆச்சு? வண்டியில விழுந்தியா? இங்க உக்காரு, உக்காரு.”

நான் வேண்டாம் என்பதற்குள் என்னை உட்காரவைத்துவிட்டார். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் என் கணவரைப் பிடித்துக்கொண்டார். “நீங்கதான் ஓட்டுனீகளா? பொம்பளப் பிள்ளைய வச்சுக்கிட்டுப் பாத்துப் போகப்பிடாதா?”

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “தப்புதான்யா” என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. “அடியெல்லாம் இல்லம்மா. முடி சுருளுறதுக்குச் சுத்தி வச்சிருக்கேன். நாத்தனார் கல்யாணம்” என்று உண்மையைச் சொல்லி எழுந்தேன். அந்த அம்மா ஒரு நிமிஷம் என்னையும் பேண்டேஜையும் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். என்னைத் தோளைப் பிடித்து மறுபடி உட்காரவைத்தார்.

“உக்காரு. எம்மவளுக்கும் உன்ன மாதிரித்தான் வழுக்கு முடி. எப்படிச் சுத்துனீக? யாரு சுத்துனா?”

நான் கணவரைக் காட்டினேன். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் வரும் வரை அவர்தான் பேசினார். “சொட்டச் சொட்ட ஈரமா இருக்கப்பிடாதும்மா. தொட்டா லேசாக் குளிரணும், அம்புட்டுதான். இறுக்கப்பிடாது. நுனிக்கு ரப்பர் பேண்ட் போட்டா வெட்டிரும், துணியாலயே கட்டணும். அவுத்த பொறவு சீப்பே படக்கூடாது, விரலாலதான் பிரிக்கணும்.” பின்சீட்டில் இருந்த இரண்டு கல்லூரிப் பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். அவரைத் திட்டிய பெரியவர்கூட, “மிலிட்டரியில இதெல்லாமா சொல்லிக் குடுக்காக?” என்று கேட்டார்.

மண்டபத்தில் மணமகள் அறையில்தான் அவிழ்ப்பு. எந்த முனை எங்கே போகிறது என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் அவரை உள்ளே விட வேண்டியதாயிற்று. கதவுக்கு வெளியே சொந்தக்காரப் பெண்களின் சிரிப்புச் சத்தம். அவர் காது சிவந்துபோய், ஆனால் விரல் பதறாமல், மெதுவாக அவிழ்த்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு கத்தையாக முதுகில் விழுந்தது. கடைசித் துணி வந்ததும் நான் கண்ணாடியைப் பார்த்தேன்.

அலை. உச்சிக்குச் சற்றுக் கீழே தொடங்கி இடுப்பு வரை, பெரிது பெரிதாக, மெத்தென்று. ஒரு முடிகூடச் சிலும்பவில்லை. நாத்தனார் பக்கத்தில் வந்து நின்றாள். அவளும் தன் சுருளை அடக்காமல், அப்படியே விரித்துவிட்டு, ஒரு பக்கம் மட்டும் பூ வைத்திருந்தாள். அதுவரை நான் அவளை அவ்வளவு அழகாகப் பார்த்ததில்லை.

“மதினி, என்ன விட நீங்க சூப்பரா இருந்தா நான் கோவிச்சுக்கிடுவேன்” என்றாள்.

மேடையில் அவளுக்குப் பக்கத்தில் நின்று பரிசுப் பொருட்களை வாங்கி வைத்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் பெரியம்மா, பட்டுச் சேலை சரசரக்க ஏறி வந்தவர், எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அத்தையிடம் திரும்பினார்.

“இது மூத்த பொண்ணா? நீங்க சொல்லவே இல்லையே. பாருங்க, அக்கா தங்கச்சி ரெண்டு பேருக்கும் ஒரே முடி.”

நான் “இல்ல…” என்று வாயெடுத்தேன். அத்தை முந்திக்கொண்டார்.

“ஆமா, மூத்தவ” என்றார். கண் கூட இமைக்கவில்லை. “இவளுக்குக் கொஞ்சம் நீளம்.”

கையிலிருந்த பரிசுப் பொட்டலத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அத்தை எனக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. ஆனாலும் நான் மருமகள்தான், அவர் மாமியார்தான் என்று ஒரு ஓரத்தில் இருந்துகொண்டே இருக்கும். அந்த ஓரம் அன்றைக்கு எங்கே போனது என்று தெரியவில்லை.

பெரியம்மா விடவில்லை. நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போன என் கணவரைக் காட்டி, “அப்ப இவரு யாரு?” என்றார்.

அவர் நாற்காலியைக் கீழே வைத்துவிட்டுப் பணிவாக, “நான் இந்த வீட்டு மூத்த மருமகன்ங்க” என்றார்.

“மருமகப்பிள்ளையவா நாற்காலி தூக்கவிட்டிருக்கீக!” என்று பெரியம்மா பதறிப்போனார். அவரைக் கையோடு பந்திக்கு அழைத்துப்போய் முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். இலையில் பால்கோவா தீரத் தீர வந்து விழுந்தது. மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் “இன்னும் கொஞ்சம் வைங்க” என்று பக்கத்திலேயே நின்றார்கள். அவரும் கூச்சமில்லாமல் சாப்பிட்டார். விஷயம் அத்தை காதுக்குப் போனதும் பந்திக்கே வந்துவிட்டார்.

“ஏலே, மருமகனாவது மண்ணாங்கட்டியாவது. எந்திரி! தண்ணி கேன் இறக்க ஆளில்லாம நிக்குது.”

மறுநாள் முகூர்த்தத்துக்கு அலையெல்லாம் பாதி இறங்கியிருந்தது. அப்படியே தளரப் பின்னிக்கொண்டேன். அந்த வார இறுதியில் கணவர் லீவு முடிந்து கிளம்பினார். ரயிலேற்றிவிட்டுத் திரும்பி வரும்போது அத்தை என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தார்.

நாத்தனார் மறுவீடு வந்த அன்று மறுபடி சுற்ற ஆசைப்பட்டு நானே முயன்றேன். கை எட்டவில்லை, தோள்பட்டை கடுத்தது. வீடியோ காலில் கணவர் அங்கிருந்து உத்தரவு போட்டார்: “இடது பக்கம், இன்னும் கீழ, இல்ல அது வலது.” அத்தை கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனைப் பிடுங்கி, கேமரா சுவரைப் பார்க்கும்படி சாத்தி வைத்துவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு என் பின்னால் உட்கார்ந்தார்.

“அவன் சுத்துற மாதிரி எனக்கு வராது. எனக்கு வர்ற மாதிரிதான் சுத்துவேன்” என்றார்.

அவிழ்த்தபோது ஒரு பக்கத்து அலை உள்நோக்கியும் மறுபக்கத்து அலை வெளிநோக்கியும் போயிருந்தது. நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, இது புது மாடலா என்று கேட்டாள். அத்தை ஆமாம் என்றார்.